பீடத்தில் பொன்னாடை எதற்கு?
யாருக்கு ஓட்டு என்று கிறிஸ்தவ சபையே வெளிப்படையாகச் சொன்னால் என்ன தப்பு என்று கேட்கிறது ஒரு கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளையை 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றவர்கள் திருவிதாங்கூர் அரசின் சிப்பாய்கள். அரசுக்கு ஆகாதவரை 2022-ல் புனிதராக்கிக் கும்பிடும் நாம்தான் அரசுக்குப் பக்கத்தில் நாற்காலியும் கேட்கிறோம். சரி, மறுபக்கமும் உண்டு, அதிகாரம் நமக்கு உதவியதும் உண்டு, மறைக்க வேண்டாம். நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலை விவகாரத்தில், அதை அனுமதித்து 1859-ல் திருவிதாங்கூர் மகாராஜா அறிக்கை விட்டதற்கு நம் பெண்கள் பட்ட அடியோடு சென்னை கவர்னர் டிரெவெல்யன் கொடுத்த நெருக்கடியும் காரணம், ஆனால் அதிலும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக்கூடாது என்று ஒரு கொக்கி போட்டுத்தான் கொடுத்தார்கள் (அதிகாரம் எப்போதும் அளந்துதான் கொடுக்கும்).

இப்போது நாகர்கோவில் பக்கம் தேர்தல் சமயத்தில் பாருங்கள், காணிக்கை எடுக்கும்போது வேட்பாளர் நுழைவார், பாடகர் குழு பாதியில் நிறுத்தும், கமிட்டிக்காரர் பொன்னாடையோடு ஓடுவார், அப்புறம் அவர் போட்டோ எடுத்துக்கொண்டு போன பிறகுதான் பிரசங்கம். கட்சி எதுவானாலும் இதே கதைதான். ஓட்டு யாருக்கு என்பது எங்கள் வீட்டுப் பாட்டிக்கே தெரியும், அதைச் சொல்ல சபை ஐயர் (போதகர்) வேண்டாம். வேட்பாளர் வரட்டும், சர்ச் கேட்டுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போகட்டும்.