ஃப்ளூ வந்தவருக்குப் பறவைக் காய்ச்சல் வராதா?

"டெல்லியில் இருக்கிற நமக்கு வருஷம் தவறாமல் ஃப்ளூ வருகிறது, அதனால் பறவைக் காய்ச்சல் நம்மை ஒன்றும் செய்யாது." மயூர் விஹார் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. முழுப் பொய் என்றால் ஒதுக்கிவிடலாம். கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதால்தான் எழுதுகிறேன்.

2009-ல் பன்றிக் காய்ச்சலாக வந்த எச்1என்1 இன்று பருவத்துக்கு வரும் சாதாரண ஃப்ளூ. அதன் மேற்புறத்தில் இருக்கும் என்1 புரதமும், பறவைக் காய்ச்சலான எச்5என்1-இன் என்1 புரதமும் ஒரே வகை. முன்னதற்காக உடல் தயாரித்த எதிர்ப்பொருள் பின்னதையும் ஓரளவு பிடித்துக்கொள்கிறது. ஃபெரட் என்ற கீரி போன்ற விலங்குகளில் சோதித்தபோது, எச்1என்1 முன்பே வந்துபோனவற்றை எச்5என்1 அவ்வளவு கடுமையாகத் தாக்கவில்லை.

பிறந்த ஆண்டும் முக்கியம். சிறுவயதில் வரும் முதல் ஃப்ளூ உடலில் பசுமரத்தாணி போலப் பதிந்துவிடுகிறது. 1968-க்கு முன் பிறந்தவர்கள் பெரும்பாலும் முதலில் சந்தித்தது எச்1 அல்லது எச்2 வகை ஃப்ளூ (எச் என்பது கிருமியின் மேற்புறத்தில் இருக்கும் இன்னொரு புரதம்). எச்5-உம் அதே குடும்பம். 1968-ல் எச்3என்2 வந்தது, அது வேறு குடும்பம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, எச்5என்1-ஆல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் இளையவர்கள் ஏன் அதிகம் என்பதை இப்படித்தான் விளக்கியது. சீனாவில் 2013-ல் பரவிய எச்7என்9-இல் கதை தலைகீழ். எச்7 எச்3-இன் குடும்பம், அதனால் அங்கே அடிபட்டவர்கள் முதியவர்கள். எங்கள் வீட்டில் ஐம்பதுகளில் பிறந்த அப்பாவுக்கு எச்5-க்கு எதிராக இருக்கும் சாதகம், எழுபதுகளின் தொடக்கத்தில் பிறந்த எனக்குக் குறைவு.

சரி, அதற்காக அப்பாவுக்குக் கவலையே வேண்டாமா? 2025 ஜனவரியில் அமெரிக்காவின் லூசியானாவில் எச்5என்1-ஆல் இறந்தவர் 65 வயதைக் கடந்தவர். கணக்கு கூட்டத்துக்குத்தான் பொருந்தும், தனி ஆளுக்கு உத்தரவாதம் கிடையாது. நம் ஊர் எய்ம்ஸிலேயே 2021 ஜூலையில் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் எச்5என்1-ஆல் இறந்தான். ஃப்ளூவையே இன்னும் பார்த்திராத கைக்குழந்தைகளுக்கு இந்தப் பழைய ஞாபகம் எங்கிருந்து வரும்? "வேண்டுமென்றே ஃப்ளூ வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அந்தக் குரல்பதிவு முடிவது பெரிய அநியாயம். வயதானவர்களுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் சாதாரண ஃப்ளூவே உயிருக்கு உலை வைக்கும்.

எனக்கு உண்மையில் கவலை டெல்லியின் காஜிபூர் கோழிச் சந்தையைப் பற்றித்தான். கால்களைச் சேர்த்துப் பிடித்துக் கொத்துக் கொத்தாகக் கோழிகளைத் தூக்கி எடை போடுகிறார்கள். சிறகடிப்பில் எழும் தூசி முகத்தில் படிய, முகக்கவசம் இல்லாமல், அதே கையால் டீ குடிக்கிறார்கள். 2021 ஜனவரியில் பக்கத்திலிருக்கும் சஞ்சய் ஏரியில் வாத்துகள் செத்து விழுந்தபோது இந்தச் சந்தையைச் சில நாள் மூடினார்கள். அப்புறம் எல்லாம் பழையபடி.

பருவ ஃப்ளூ தடுப்பூசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனால் ஒரே உடலில் இரண்டு கிருமிகளும் ஒரே நேரத்தில் நுழைந்தால் மரபணு கலந்து புதிய கிருமி பிறக்கலாம். அந்த வாய்ப்பைத் தடுப்பூசி குறைக்கும். பின்லாந்து 2024-ல் பறவைகளோடு வேலை செய்பவர்களுக்குப் பறவைக் காய்ச்சல் தடுப்பூசியே போடத் தொடங்கியது. காஜிபூர் தொழிலாளிக்குச் சாதாரண ஃப்ளூ ஊசியாவது ஆண்டுதோறும் இலவசமாகப் போட வேண்டும். இந்தப் பக்கம் இருக்கும் தமிழ் மருத்துவர்கள் யாராவது குளிர்காலத்துக்கு முன் சந்தையில் ஒரு முகாம் நடத்த முன்வந்தால், இந்தி பேசி ஆட்களைக் கூட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.