பேரரசரின் வாயில் காப்பி விளம்பரமா?

முதல் மிடறு செறிவாக இருக்கிறதாம். கடைசி மிடறு துப்புரவாக முடிகிறதாம். அரண்மனையில் போடும் காப்பிக்கு அது கொஞ்சமும் குறைந்ததில்லையாம். ‘தி கிங்: இட்டர்னல் மோனார்க்’ என்னும் கொரியத் தொடரில் கற்பனையான கொரியப் பேரரசை ஆளும் லீ கோன் நேற்றிரவு இதைத் தம் வாயாலேயே சொல்லக் கேட்டதிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கொரியத் தொடர்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. கதைக்குள்ளேயே விளம்பரத்தை நுழைக்கும் இந்த வேதனையை நீங்கள் எல்லோரும் ஏதோ ஒரு தொடரில் அனுபவித்துத்தான் இருப்பீர்கள்.

அந்த வசனத்தைப் பேசுகிறவர் யார் என்று பாருங்கள். 1994இல், எட்டு வயதில், தன் தந்தையைப் பெரியப்பன் முறையுள்ள லீ லிம் வெட்டிச் சாய்ப்பதைக் கண்ணெதிரே கண்டவர். அதே கைகள் தன் கழுத்தையும் நெரித்ததால் உண்டான வடுவோடு அரியணை ஏறியவர். அன்றிரவு தன்னைக் காப்பாற்றிய உருவம் விட்டுச்சென்ற ஓர் அடையாள அட்டையை இருபத்தைந்து ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்து, வெள்ளைக் குதிரையில் ஏறி, நாம் அறிந்த தென்கொரியா இருக்கும் இன்னோர் உலகத்துக்குள் நுழைந்து, சியோல் நகரத்துக் குவாங்வாமுன் சதுக்கத்தில் அந்த அட்டைக்கு உரியவளைக் கண்ட மாத்திரத்தில் கட்டியணைத்தவர். இப்படிப்பட்ட மனிதரைக் காட்டி அத்தியாயம் அத்தியாயமாக என்னை நம்பவைத்துவிட்டு, கடைசியில் கடைக் காப்பி ஒன்றுக்கு நற்சான்று வழங்க அவரை நிறுத்தியிருக்கிறார்கள்.

இந்தக் கதையின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குக் கோபம் இரட்டிப்பாகும். இரண்டு உலகங்களுக்கும் இடையே வாயில் திறக்கும் ‘மன்பாசிக்ஜோக்’ என்னும் புல்லாங்குழல் எழுத்தாளர் புதிதாகக் கற்பித்துக்கொண்டது கிடையாது. 13ஆம் நூற்றாண்டுத் துறவி இல்யோன் தொகுத்த ‘சாம்குக் யூசா’ என்னும் நூலில் வரும் பழைய சில்லா நாட்டு மரபுக்கதை அது. கடல்நாகமாகிவிட்ட முன்மு அரசரும் விண்ணுலகம் சென்ற தளபதி கிம் யூ-சினும் சேர்ந்து, முன்முவின் மகன் சின்முன் அரசருக்கு அனுப்பிவைத்த மூங்கிலில் செய்த குழல். அதை ஊதினால் பகைவர் பின்வாங்குவர், நோய் தீரும், வறட்சியில் மழை பெய்யும், கொந்தளிக்கும் கடல் அடங்கும். அந்த மூங்கில் பகலில் இரண்டாகப் பிரிந்தும் இரவில் ஒன்றாகச் சேர்ந்தும் நின்றது என்கிறது அந்நூல். குழலை வாளால் இரண்டாகத் துண்டித்து, ஆளுக்கொரு பாதியாகப் பேரரசரிடமும் துரோகி லீ லிமிடமும் கொடுத்து, பிரிந்த இரண்டு உலகங்களை அதைக்கொண்டே இணைத்த கற்பனையைப் பார்த்து நான் மெய்யாகவே வியந்தேன். ஆயிரம் ஆண்டுக்கும் மேலான ஒரு கதையை இவ்வளவு அழகாகக் கையாளத் தெரிந்தவர்கள், அதே தொடருக்குள் காப்பியின் சுவைக்குறிப்பை நுழைக்க எப்படித்தான் துணிந்தார்கள்?

அந்த வசனத்தை இன்னொரு முறை பார்ப்போம். காப்பி பிடித்துப்போன மனிதன் என்ன செய்வான்? நன்றாக இருக்கிறது என்பான், அல்லது ஒன்றும் சொல்லாமல் இன்னொரு வாய் குடிப்பான். முதல் மிடறு எப்படி, கடைசி மிடறு எப்படி என்று பகுத்துச் சொல்லுகிற காதலனை எந்த ஊரிலாவது எவராவது கண்டதுண்டா? அதுவும் எந்த நேரத்தில்! லீ லிம் இரு உலகங்களிலும் ஒரே முகம் கொண்டவர்களைத் தேடிப் பிடித்து, ஒருவரைக் கொன்று அவர் இடத்தில் மற்றவரை வைத்துத் தனக்கென ஒரு படையையே திரட்டிக்கொண்டிருக்கிறான். யார் உண்மையானவர், யார் மாற்றப்பட்டவர் என்று நான் ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கையில், சோற்றில் கல் கடிபட்டதுபோல் அந்த வரி வந்து விழுகிறது. கொரிய மொழி தெரிந்தவர்களாவது காதில் வாங்காமல் விட்டுவிடலாம். சப்டைட்டிலை நம்பியிருக்கும் நமக்கு அந்த வழியும் இல்லை. லீ கோனாக நடிக்கும் லீ மின்-ஹோவின் முகத்தில் ஓடுவதைப் பார்க்கவேண்டிய கண், திரையின் அடிப்பகுதிக்கு இறங்கி, நம் ஊர்க் கடையில் கிடைக்காத ஒரு காப்பியின் புகழுரையை ஒரு சொல் விடாமல் வாசித்தாக வேண்டியிருக்கிறது. விளம்பரமே வேண்டாம் என்றுதானே மாதாமாதம் கட்டணம் கட்டுகிறோம்?

அந்த ஒரு வரியோடு சேதம் நின்றுவிடுவதில்லை என்பதுதான் என் பெரிய மனக்குறை. ஒருமுறை ஏமாந்த கண் அதன்பிறகு எதையும் நம்ப மறுக்கிறது. கோழி வறுவல் வந்தால் பெட்டியின் எந்தப் பக்கம் கேமராவைப் பார்க்கிறது என்று தேடுகிறேன். கிம்ச்சி வந்தால் பொட்டலம் ஏன் மேசையின் நட்டநடுவில் இருக்கிறது என்று யோசிக்கிறேன். கோப்பையைப் பிடித்திருக்கும் விரல்கள் கம்பெனிச் சின்னத்தை மறைக்காமல் விலகி நிற்பதைக் கண்டதும் காதலர்கள் பேசுவது காதில் ஏறுவதில்லை. மிகைபுனைவு என்பது பார்ப்பவர் தாமாக மனமுவந்து கொடுக்கும் நம்பிக்கையின்மேல் நிற்கிற கலை. மூங்கில் காட்டில் கல்தூண்கள் எழும், நடுவில் இன்னோர் உலகம் திறக்கும் என்பதையெல்லாம் நான் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டேன். அந்த நம்பிக்கையைத்தான் கம்பெனிக்காரனுக்கு விற்றுவிட்டார்கள்.

இதில் தென்கொரியச் சட்டத்தின் பங்கும் உண்டு. அங்கே நிகழ்ச்சிக்குள் பொருள்களைக் காட்டும் மறைமுக விளம்பரத்துக்கு 2010இல் அனுமதி கிடைத்தது. பொதுத் தொலைக்காட்சியில் அது நிகழ்ச்சி நேரத்தில் 7 விழுக்காட்டைத் (2021 வரை 5 விழுக்காடு) தாண்டக்கூடாது, திரையில் கால்பங்குக்கு மேல் அடைக்கக்கூடாது, பொருளைக் குறிப்பிட்டுப் பேசவோ வாங்கும்படி தூண்டவோ கூடாது, பார்ப்பவரின் கவனவோட்டத்தைக் கெடுக்கக்கூடாது என்றெல்லாம் விதிகள் இருக்கின்றன. பெயரைச் சொல்ல முடியாததால்தான் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் பேசவைக்கிறார்கள். கவனவோட்டத்தைக் கெடுக்கக்கூடாது என்று எழுதிவைத்த விதி, நேற்றிரவு என் கவனம் சிதறிப்போன கதையைக் கேட்டால் என்ன சொல்லும்?

தொடர் எடுப்பதற்குப் பணம் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: இதே எழுத்தாளர் கிம் உன்-சுக் 2016இல் எழுதிய ‘காப்ளின்’ தொடரிலும் ஒரு கோழி வறுவல் கடை வருகிறது, அதுவும் விளம்பரம்தான். ஆனால் அந்தக் கடை சன்னி என்னும் பெண்ணின் பிழைப்பு. நாயகி உன்-தக் பகுதிநேர வேலைக்குச் சேரும் இடம். சன்னிதான் தன் முற்பிறவித் தங்கை என்று கண்டுகொண்ட 939 வயது நாயகன் தேடிவந்து நிற்கும் வாசல். அந்தக் கடையை எடுத்துவிட்டால் கதையில் ஓட்டை விழும். கோழியின் மொறுமொறுப்பைப் பற்றி அங்கே அந்தத் தொடரில் வரும் எமதூதர் உரையாற்றியிருந்தால் அந்தத் தொடரை இன்றைக்கு யாராவது நினைத்து உருகுவார்களா? செய்யத் தெரிந்தவர்களே செய்யாமல் விடும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2020 ஏப்ரலில் எஸ்பிஎஸ் அலைவரிசையில் 11 விழுக்காட்டுக்கும் மேல் பார்வையாளர்களோடு தொடங்கிய ‘தி கிங்’, ஜூனில் பதினாறாம் அத்தியாயத்தோடு முடியும்போது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருந்தது. அதற்குக் காரணங்கள் பல உண்டு. இந்தத் தொல்லைக்கு அதில் பங்கில்லை என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்லவேண்டாம்.

பொதுத் தொலைக்காட்சிகள் நிகழ்ச்சியின் நடுவே விளம்பர இடைவேளை விடக்கூடாது என்று பல பத்தாண்டுகளாக இருந்த தடையையும் 2021 ஜூலையில் நீக்கிவிட்டார்கள். பிறகும் என்ன மாறியது? சாபமும் மறுபிறவியும் துரத்துகிற நாயகிகள் இன்றும் கைப்பையிலிருந்து குச்சி வடிவில் வரும் ஒரு முகத் தைலத்தை எடுத்துக் கன்னத்தில் நிதானமாகத் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஐயா, தாராளமாக இடைவேளை விடுங்கள். கதையை நிறுத்திவிட்டு உங்கள் காப்பியைத் தனியாகக் காட்டுங்கள். சப்டைட்டில் போட்டு அதன் சுவையையும் விளக்குங்கள், உட்கார்ந்து முழுதாகப் பார்க்கிறேன். பேரரசரை மட்டும் அவர் குதிரையோடும் குழலோடும் காதலியோடும் விட்டுவிடுங்கள்.