என் இனிஷியலுக்கு அவருக்குக் கைதட்டல்

ஞாயிற்றுக்கிழமை நடந்த கூடப் படிச்சவங்க சந்திப்பு வீடியோவை எல்லாரும் பார்த்தாச்சு. அந்தத் துண்டை மட்டும் தனியா வெட்டி குரூப் குரூப்பா அனுப்பியும் ஆச்சு. அதனால மேடையில நடந்ததை நான் மறுபடி எழுதப் போறதில்ல. என் புருஷனைப் பத்தி மைக்ல சொன்ன அந்த ஒரு வரிதான் எனக்குப் பிரச்சினை. "கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் கழிச்சும் அப்பா இனிஷியலையே வச்சுக்க விட்டிருக்காரே, அந்தப் பெரிய மனசுக்கு ஒரு கைதட்டல்!"

விட்டிருக்காராம்.

பேசினவர் கூடப் படிச்சவர், நல்ல மனுஷன். மைக் கையில கிடைச்சா யாருக்கும் நாலு வார்த்தை கூடத்தான் வரும். அவரைத் திட்ட இதை எழுதல. கைதட்டினீங்களே முந்நூறு பேர், உங்களுக்குத்தான் எழுதறேன்.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. என் பெயரை மாத்தறதா வேண்டாமாங்கிறது நான் எடுத்த முடிவு. அவர் கொடுக்கவும் இல்ல, நான் வாங்கவும் இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி இதைப் பத்தி நாங்க பேசினதுகூடக் கிடையாது. என்ன பேசணும்? அவரோட இனிஷியலை மாத்தறதா வேண்டாமான்னு பேசினோமா?

இந்த நாட்டுல கல்யாணமான பெண் பெயரை மாத்தியே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல. பாஸ்போர்ட்டுக்காகப் பெண்கள் பெயர் மாத்த வேண்டியதில்லன்னு 2017-ல பிரதமரே அறிவிச்சார். பான் கார்டுக்கு எழுதிப் போடுங்க, பேரன் பேத்தி எடுத்த பாட்டியா இருந்தாலும் அப்பா பெயர்தான் கேட்பாங்க, புருஷன் பெயரைக் கேட்க மாட்டாங்க. வருமான வரித் துறைக்கே இல்லாத கவலை நம்ம சொந்தக்காரங்களுக்கு. ஜப்பான்ல சிவில் சட்டம் 750-வது பிரிவுப்படி புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே குடும்பப் பெயர்தான் இருக்கணும். யாரோட பெயர்னு சட்டம் சொல்லல. ஆனா நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு ஜோடியில மாத்திக்கிறது பொண்ணுதான். இதை எதிர்த்தவங்க 2015-லயும் 2021-லயும் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோத்துட்டு வந்தாங்க. அங்க சட்டத்தோட சண்டை. இங்க சட்டம் சும்மா இருக்கு, சித்தப்பாதான் சும்மா இருக்க மாட்டேங்கிறார்.

"ஒத்தை எழுத்துக்கு இவ்வளவு பேச்சா?" இது வரும்னு தெரியும். நான் வேலை பார்க்கிறது பேங்க்ல. அந்த ஒத்தை எழுத்து என்ன செய்யும்னு கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தா தெரியும். மார்க் ஷீட்ல ஒரு இனிஷியல், ஆதார்ல புருஷன் பெயர் வாலா ஒட்டியிருக்கும், வீட்டுப் பத்திரத்துல மூணாவதா ஒண்ணு. பி.எஃப். கேட்டு விண்ணப்பம் போட்டா பெயர் ஒத்துப் போகலன்னு திரும்பி வரும். அலையறது யாருன்னு நினைக்கறீங்க? கல்யாணம் ஆனதால எந்த ஆம்பளைக்காவது பெயர் ஒத்துப் போகாம ஃபார்ம் திரும்பி வந்து நான் பார்த்ததில்ல. ஒருத்தருக்குக்கூட.

எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன். அப்பா பெயர் முத்தையா. எனக்கு மு. அம்மா எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துல சு. கமலா, கல்யாணத்துக்கு அப்புறம் மு. கமலா. எனக்கும் அம்மாவுக்கும் ஒரே இனிஷியல், ஒருத்திக்கு அப்பா, ஒருத்திக்குப் புருஷன். அப்பா போனதுக்கு அப்புறம் ஒரு பணம் வாங்கறதுக்கு சு. கமலாவும் மு. கமலாவும் ஒரே ஆள்தான்னு அஃபிடவிட் கேட்டாங்க. கேட்டது என் பேங்க் இல்ல, ஆனா நானும் தினம் நாலு பேர்கிட்ட கேட்கறதுதான். நோட்டரி வக்கீல் ஆபீஸ்ல அம்மாவுக்கு ஸ்டூல் போட்டுக் கொடுத்தாங்க. பேனாவைப் பிடிச்சு 'சு'ன்னு எழுதினா. நிறுத்தினா. அடிச்சா. மேல 'மு'ன்னு எழுதி, அதையும் பாதியில விட்டுட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "எந்த இனிஷியல்டி போடணும்?"னு கேட்டா. வக்கீல் கடுப்பாகி, அடித்தல் திருத்தல் இருந்தா செல்லாதும்மான்னு வேற பேப்பர் எடுத்துட்டு வரச் சொன்னார். புருஷன் செத்து ஒரு மாசம்கூட ஆகல. தான் யாருன்னு ஒரு பொம்பளை பத்திரத்துல சத்தியம் பண்ணணும், அதுலயும் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது.

இப்ப சொல்லுங்க, ஒத்தை எழுத்துதானே?

அடுத்த கேள்வி ரொம்பப் புத்திசாலித்தனமானது, வருஷா வருஷம் யாராவது கண்டுபிடிச்சுட்டு வருவாங்க. "நீ வச்சிருக்கிறதும் ஒரு ஆம்பளை பெயர்தானே, அப்பாவா இருந்தா என்ன புருஷனா இருந்தா என்ன?" ஆமா, ஆம்பளை பெயர்தான். அதனால? பொறந்ததுலேர்ந்து என்கூட இருக்கு. ஹால் டிக்கெட்ல இருந்தது, முதல் சம்பளச் சீட்டுல இருந்தது. இனி அது எங்கப்பாவோடது இல்ல, என்னோடது. உங்க இனிஷியலும் உங்கப்பாவோடதுதானே, அது மட்டும் எப்படிப் பொறந்ததுமே உங்களோடதாச்சு? அம்மா பெயர் இருக்கக் கூடாதான்னா, தாராளமா இருக்கலாம். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு எம்.னா மதுரை, எஸ்.னா அம்மா சண்முகவடிவு. 1940-ல சதாசிவத்தைக் கல்யாணம் பண்ணியும் எம்.எஸ். எம்.எஸ்.தான். எம்.எல். வசந்தகுமாரிக்கு அம்மா லலிதாங்கி. கே.பி. சுந்தராம்பாளுக்கு அம்மா பாலாம்பாள், கிட்டப்பாவைக் கட்டினதுக்கு அப்புறமும் அதே கே.பி.தான். இவங்க பாட்டைக் கேட்டு உருகும்போது, "புருஷன் பெரிய மனசு பண்ணி விட்டிருக்கார் பாரு"ன்னு யாராவது சொல்லியிருக்கீங்களா?

இன்னொண்ணு. 1929-ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல, பெயருக்குப் பின்னாடி இருக்கிற சாதிப் பட்டத்தை விடணும்னு தீர்மானம் போட்டாங்க. எத்தனையோ ஆம்பளைங்க அந்த வாலை வெட்டிப் போட்டாங்க. பெருமையாத்தான் சொல்றோம், சொல்லவும் வேண்டியதுதான். வெட்டினவங்களோட துணிச்சல்னு சொல்றோம், "பொண்டாட்டி அனுமதிச்சா"ன்னு சொல்றதில்ல. ஆம்பளை பெயரை மாத்தினா அது அவன் கொள்கை. பொம்பளை மாத்தாம இருந்தா அது அவ புருஷனோட குணம். நல்லா இருக்கு உங்க கணக்கு.

வெளிநாட்டுல இருக்கிற தோழிகளுக்கு: அம்மாவுக்கும் பிள்ளைக்கும் வேற வேற சர்நேம் இருந்தா ஏர்போர்ட்ல கேள்வி கேட்கறாங்கன்னு மாத்தினீங்க, புரியுது. பிடிச்சுப் போய் மாத்தினாலும் சரிதான். உங்க பெயர், உங்க முடிவு. நான் உங்களைப் பத்திப் பேசவே இல்ல, இன்பாக்ஸுக்கு வந்து விளக்கம் கொடுக்க வேண்டாம்.

"பாராட்டினதுக்கே இப்படிக் குதிக்கிறியே, திட்டியிருந்தா என்ன பண்ணியிருப்பே?" திட்டியிருந்தா பதிலுக்குத் திட்டியிருப்பேன், முடிஞ்சிருக்கும். பாராட்டுக்கு என்ன பதில் சொல்றது? அதுவும் எனக்குக் கிடைக்காத பாராட்டுக்கு.

எனக்கு உண்மையிலேயே வலிச்சது எதுன்னு எழுதிடறேன், மனசுல வச்சுக்கிட்டா தூக்கம் வராது. கைதட்டல் வந்ததும் இவர் எழுந்து நின்னார். நாலா பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டார். சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்தார். ராத்திரி கேட்டேன். "அத்தனை பேர் தட்டறாங்க, உட்கார்ந்தே இருந்தா மரியாதையா இருக்குமா?"ன்னார். நல்ல மனுஷன்தான், இல்லன்னு சொல்லல. சண்டை போடத் தெரியாது, சமைப்பார், பிள்ளைக்குத் தலை பின்னுவார். ஆனா செய்யாத ஒண்ணுக்குக் கும்பிடு போட்டார். "நான் ஒண்ணும் விடல, அது அவ முடிவு"ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மைக் பக்கத்துலதான் இருந்தது. இத்தனை வருஷத்துல அவருக்கும் இது ஒரு சலுகையாவே மனசுல இருந்திருக்கோன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தோணிச்சு. இதைப் படிப்பார். படிக்கட்டும்.

இந்த வாரமே இன்னொண்ணும் நடந்தது. பொண்ணு பத்தாவது படிக்கிறா. பரீட்சைக்கான பெயர்ப் பட்டியலை, அதான் நாமினல் ரோலை, சரிபார்க்க ஸ்கூல்ல கூப்பிட்டாங்க. ரெண்டு பேர் இனிஷியலும் வேணும்னு அவளே சொன்னா, நான் சொல்லிக் கொடுக்கல. ஆபீஸ்ல இருந்தவர் ஃபார்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாருக்குத் தெரியுமா? அவர்கிட்ட சம்மதம்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்களேன்"ன்னார். அப்பா இனிஷியலை மட்டும் போட்டிருந்தா என்கிட்ட லெட்டர் கேட்டிருப்பீங்களான்னு கேட்டேன். வழக்கமா அப்படித்தான் மேடம்னார். லெட்டர் கொடுக்கல. பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ் கொடுத்துட்டு வந்திருக்கேன், அதுல தாய் பெயர்னு ஒரு வரி இருக்கு. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. பொண்ணையும் கூட்டிட்டுப் போறேன். அவர் வரணும்னு ஆசைப்பட்டா பின்னாடி நிக்கலாம்.