மக்காச்சோள மூட்டையால் காடு வளராது

சொந்தமாக ஐம்பது, நூறு ஏக்கர் காடு வைத்திருந்து, அதில் மான் வேட்டைக்கும் போகிற அமெரிக்க நில உரிமையாளர் முதலில் என்ன வாங்குகிறார்? மரத்தில் கட்டிவைக்க ஒரு தானியங்கிக் கேமரா. அடுத்து, அந்தக் கேமராவுக்கு முன்னால் கொட்ட மக்காச்சோள மூட்டை. இரவில் வந்து தின்றுவிட்டுப் போகும் ஆண்மானின் கொம்பில் எத்தனை கிளை என்று எண்ணிப் பார்த்துவிட்டு, காட்டு விலங்குகளுக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட நிம்மதியோடு தூங்கப் போகிறார். இன்னொரு வகையினரும் உண்டு. வேட்டையே பாவம், மரத்தில் கை வைப்பது அதைவிடப் பாவம், இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்பவர்கள். இந்த இரு தரப்பும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்வதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. மரங்களின் கீழே நடப்பதைப் பற்றி இரண்டு பேருக்குமே கவலை இல்லை.

நான் துப்பாக்கி பிடிப்பவன் அல்லன். ஆனாலும் தனியார் காட்டில் உயிரினங்கள் செழிக்க வேண்டுமென்றால் கோடாரி, தீ, துப்பாக்கி ஆகிய மூன்றுக்கும் வேலை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். இது என் கண்டுபிடிப்பும் இல்லை. விலங்குகளை அழித்த கோடாரி, ஏர், மாடு, தீ, துப்பாக்கி ஆகிய அதே கருவிகளைக் கொண்டே அவற்றை மீட்கலாம் என்று வனவிலங்கு மேலாண்மைத் துறையின் முன்னோடியான ஆல்டோ லியோபோல்ட் 1933ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்.

ஒரு காடு எப்படி இருக்கிறது என்று அறிய அண்ணாந்து பார்த்துப் பயனில்லை, குனிந்து பார்க்க வேண்டும். கணுக்காலிலிருந்து மார்பு உயரம் வரை என்ன முளைத்திருக்கிறது? மானின் வாய்க்கு எட்டுவது அந்த உயரம்தான். தரையோரம் கூடு கட்டும் பறவைகள் பிழைப்பதும் அந்த அடுக்கில்தான். கிழக்கு அமெரிக்காவில் தனியார் கையில் உள்ள காடுகள் பலவும் கைவிடப்பட்ட வயல்களில் ஒரே காலத்தில் எழும்பியவை. மரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே உயரம். மேலே கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வெயிலை மறைத்துவிட, கீழே சருகும் பெரணியும்தான் மிஞ்சுகின்றன. புகைப்படத்துக்கு மிக அழகான காடு. அதில் ஒரு மான் தன் குட்டியை ஒளித்துவைக்க ஒரு புதர் இருக்காது.

மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு கன்றுகளின் நுனியைக் கையில் பிடித்துப் பாருங்கள். முயல் கடித்த குச்சி கத்தியால் சீவியது போலச் சாய்வாகவும் வழவழப்பாகவும் இருக்கும். மானுக்கோ மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பற்களால் அழுத்திப் பிடித்து இழுத்துப் பிய்க்கும். அதனால் நுனி நார் நாராகக் கிழிந்திருக்கும். ஓக் கன்றுகள் எல்லாம் முழங்கால் உயரத்தில் இப்படிக் கிழிந்த நுனியோடு வருடக்கணக்காக நின்றுகொண்டிருக்க, மான் சீண்டாத பெரணி மட்டும் தளதளவென்று இருந்தால், இன்றைய பெரிய மரங்கள் விழுந்தபின் அவற்றின் இடத்துக்கு வர அங்கே வாரிசு இல்லை என்று பொருள்.

இதற்கு முதல் மருந்து வெயில். வெயில் இறங்க வேண்டுமானால் மரம் விழத்தான் வேண்டும். மொட்டையடிக்கச் சொல்லவில்லை. நல்ல ஓக் மரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் கிளைவிரிப்பை நெருக்குகிற பக்கத்து மரங்களை எடுத்துவிட்டால் அவை அகன்று வளர்ந்து நன்றாகக் காய்க்கும். வெள்ளை ஓக்கின் கொட்டை ஒரே ஆண்டில் முதிரும். துவர்ப்புக் குறைவு என்பதால் விழுந்தவுடன் மான்கள் மொய்த்துவிடும். சிவப்பு ஓக்கின் கொட்டை முதிர இரண்டு ஆண்டு ஆகும். துவர்ப்பு அதிகம், ஆகவே பனிக்காலம் முற்றிய பிறகும் தரையில் கிடைக்கும். ஒன்று பொய்த்த ஆண்டில் மற்றொன்று கைகொடுக்கும் என்பதால் இரண்டையும் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆஸ்பென் மரங்கள் உள்ள வடபகுதிகளில் ஒரு துண்டு நிலத்தை முழுதாகவே வெட்டிவிடலாம். வேரிலிருந்து தளிர்கள் அடர்ந்து கிளம்பும். ரஃப்டு கிரவுஸ் என்னும் காட்டுக்கோழி குஞ்சுகளோடு பருந்தின் கண்ணில் படாமல் நடமாட அந்த அடர்த்திதான் வேண்டும். வெட்டிய கிளைகளை அள்ளி அப்புறப்படுத்திக் காட்டைப் பூங்காவாக்கிவிடச் சிலர் துடிப்பார்கள். தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தக் குவியலுக்குள் முளைக்கிற ஓக் கன்று மானின் வாய்க்குத் தப்பித் தலை தூக்கும். பட்டுப்போன மரத்தையும், யார் தலையிலும் விழாத இடமென்றால், நிற்க விடுங்கள். பொந்தில் வாழும் பறவைகளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

தீயைப் பற்றிச் சொன்னால்தான் பலருக்குப் பதற்றம் வருகிறது. அவர்களுக்கு ரெட் ஹில்ஸ் கதையைச் சொல்ல வேண்டும். ஜார்ஜியாவின் தாமஸ்வில் நகரத்துக்கும் ஃபுளோரிடாவின் டலஹாசிக்கும் இடையே கிடக்கிற பைன் காட்டு நிலம் அது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு வடக்கத்திப் பணக்காரர்கள் அங்கிருந்த பழைய பண்ணைகளை வாங்கிப் போட்டார்கள், குளிர்காலத்தில் பாப்வைட் காடை சுடுவதற்காக. பிறகு காடைகள் குறையத் தொடங்கின. தீயை எதிரி என்று அரசு வன அலுவலர்கள் ஊர் ஊராகப் பிரசாரம் செய்த காலம் அது. நில உரிமையாளர்களே பணம் போட்டு ஓர் ஆய்வுக்கு ஏற்பாடு செய்தார்கள். 1924இல் ஹெர்பர்ட் ஸ்டாடர்டு அந்த வேலையைத் தொடங்கினார். நிலத்தை அடிக்கடி எரித்துவந்த பழக்கம் நின்றுபோனதும் காடைகளின் சரிவுக்கு ஒரு காரணம் என்று கண்டு, 1931இல் நூலாகவே வெளியிட்டார். தரை எரியாவிட்டால் புதர் மண்டிவிடும், காடை நடக்கவும் விதை பொறுக்கவும் வெற்றுமண் இருக்காது.

அந்தக் காட்டின் நீள்இலை பைன் கன்றைப் பார்த்தாலே தீயோடு அதற்குள்ள உறவு புரிந்துவிடும். முளைத்துப் பல ஆண்டுகள் அது மரமாகவே தெரியாது. தரையை ஒட்டி ஒரு புல்கொத்தாகக் கிடக்கும். தீ வரும்போது நீண்ட ஊசியிலைகள் மட்டும் கருகும், நடுவிலிருக்கும் மொட்டு தப்பிவிடும். தீ வராவிட்டால் மற்ற செடிகள் அதை மூடிக் கொன்றுவிடும். இந்தப் பைன் காடு ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கர் பரந்திருந்தது. மரம் வெட்டுதலும் உழவும் தீயைத் தடுத்ததும் சேர்ந்து, சுமார் 30 லட்சம் ஏக்கராக அதைக் குறுக்கிவிட்டன. அப்போது தப்பிப் பிழைத்த நல்ல துண்டுகளில் சில, காடைக்காக ஆண்டு விட்டு ஆண்டு எரிக்கப்பட்ட இந்த வேட்டை நிலங்களில் இருந்தவை. சிவப்புக்கன்ன மரங்கொத்தி அங்கேதான் ஒதுங்கியது. உயிரோடு நிற்கும் முதிய பைனில் மட்டும் பொந்து குடையும் பறவை அது. பொந்தைச் சுற்றிலும் பட்டையைக் கொத்திக் கொத்திப் பிசினை வழியவிடும், அந்தப் பிசினில் பாம்பு ஏறி வர முடியாது. 1970இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது, 2024இல்தான் ஒரு படி தேறியிருக்கிறது. தனியார் நிலத்தில் அந்த மரங்கொத்திகள் மிக அதிகமாக இருப்பது இன்றும் ரெட் ஹில்ஸில்தான். அடிமைகளின் உழைப்பில் உருவான பண்ணைகள், அவற்றை வாங்கிய கோடீசுவரர்களின் பொழுதுபோக்கு. இவற்றால் ஒரு பறவை பிழைத்தது என்று எழுதும்போது எனக்குக் கசக்கத்தான் செய்கிறது. கசந்தாலும் நடந்தது அதுதான்.

தீ வைப்பது விளையாட்டில்லை. காற்றின் திசை, ஈரப்பதம், தீத்தடுப்புக் கோடு, அனுமதி எல்லாம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். எல்லாக் காட்டுக்கும் அது பொருந்தவும் செய்யாது. தெரிந்தவர்களை வைத்துச் செய்யுங்கள்.

இனி துப்பாக்கி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் சில லட்சங்களாகக் குறைந்திருந்தன. இன்று சுமார் 3 கோடி. மானைத் தின்னும் ஓநாயும் கூகர் என்னும் பெரும்பூனையும் பெரும்பாலான இடங்களில் இல்லை. ஆகவே எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பு மனிதன் தலையில் விழுந்திருக்கிறது. ஆனால் வேட்டைக்காரர் குறிவைப்பது எதை? சுவரில் மாட்டத் தகுந்த கொம்புள்ள ஆண்மானை. ஓர் ஆண்மான் பல பெண்மான்களோடு சேரும். ஆண்களைச் சுட்டுக்கொண்டே இருந்தாலும் பிறக்கும் குட்டிகள் குறைவதில்லை. எண்ணிக்கை குறைய வேண்டுமானால் பெண்மானைச் சுட வேண்டும். அதைச் சொன்னால், "பெண்மானையா?" என்று அனுபவமுள்ள வேட்டைக்காரர்களே நெளிகிறார்கள். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வரி விதித்து வனவிலங்கு மீட்புக்குச் செலவிடும் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லி மார்தட்டுகிறவர்களும் இவர்கள்தான். அந்த வரிப்பணம் நல்ல காரியங்கள் செய்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வரி கட்டிய ரசீதைப் பார்த்து ஓக் கன்று முளைக்காது.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். காடு உங்களுடையது, அதில் நடமாடும் மான் உங்களுடையது அல்ல. அமெரிக்கச் சட்டப்படி அது பொதுமக்களுக்காக அரசின் பொறுப்பில் இருக்கும் உயிர். எப்போது, எத்தனை சுடலாம் என்று தீர்மானிப்பது மாநில அரசு. மானும் வேலிக்கல்லைப் பார்த்து நடப்பதில்லை. அது சுற்றும் பரப்பு பெரும்பாலும் உங்கள் ஐம்பது ஏக்கரை விடப் பெரியது. பக்கத்து நிலத்துக்காரர்களோடு பேசாமல் தனியாக மான் மேலாண்மை செய்கிறேன் என்பது வீண் பேச்சு.

மறுபடியும் அந்த மூட்டைக்கு வருகிறேன். மான்களை ஒரே இடத்தில் வாயோடு வாய் வைத்துத் தின்ன வைப்பது நோயைப் பரிமாறுவதற்குச் சமம். நாள்பட்ட உடல்மெலிவு நோய் என்று ஒன்று இருக்கிறது. பிரியான் என்னும் திரிந்த புரதத்தால் வருவது. மருந்து கிடையாது, வந்தால் சாவு நிச்சயம். 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது, இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்குப் பரவிவிட்டது. எச்சில், சிறுநீர் வழியாக மண்ணில் சேர்ந்த பிரியான் பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். மூட்டையைக் கொட்டிய இடம் பின்னர் எத்தனை மான்களுக்கு விஷமாகும் என்று கொட்டியவருக்குத் தெரியப்போவதில்லை. இது போதாதென்று பூசணம் பிடித்த மக்காச்சோளத்தின் நச்சு வான்கோழிகளையும் காடைகளையும் கொல்கிறது. சில மாநிலங்கள் தீனி போடுவதைத் தடைசெய்திருக்கின்றன. மற்ற மாநிலங்களும் செய்ய வேண்டும் என்பேன், கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

ஈயத் தோட்டாவையும் இந்தக் கணக்கில் சேருங்கள். நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுகளை 1991இலேயே நாடு முழுவதும் தடை செய்துவிட்டார்கள். மான் வேட்டையில் பெரும்பாலான இடங்களில் இன்னும் தடை இல்லை. குடலை எடுத்துக் காட்டிலேயே போட்டுவிட்டு வருகிறார்கள், அதிலிருக்கும் ஈயத்துணுக்குகள் கழுகின் வயிற்றுக்குப் போகின்றன. செம்புத் தோட்டா கடையில் கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

இவ்வளவு சொன்ன பிறகும், "என் காட்டில் மான் அளவாகத்தான் இருக்கிறது" என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அடுத்த மூட்டை வாங்கும் காசில் ஆளுயரக் கம்பிவலை வாங்கி, காட்டுக்குள் ஓர் அறை அளவு இடத்தைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். மேலே கொஞ்சம் வெயில் விழும் இடமாக இருக்கட்டும். இரண்டு மூன்று கோடைக்காலம் கழித்து வலைக்கு உள்ளே முளைத்திருப்பதையும் வெளியே முளைத்திருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் படமெடுத்து இங்கே போடுங்கள். கேமராதான் ஏற்கனவே இருக்கிறதே.