சின்னப் பிள்ளைகளுக்கு ஹோட்டன் சமவெளி சரிவராது
நுவரெலியாவுக்குக் குடும்பச் சுற்றுலா போறது பற்றின இந்தக் கட்டுரையில், முதல்நாள் கிரகறி வாவியில் படகு, மறுநாள் குடும்பமாக ஹோட்டன் சமவெளி (மலைமேல் இருக்கிற தேசியப் பூங்கா) என்று இருக்கு. படகு சரி, ஆனால் அந்த மறுநாள் திட்டம் சின்னப் பிள்ளைகளுக்குச் சரிவராது. கிளிநொச்சியிலிருந்து இரவிரவாக வான் வண்டியில் வந்த பிள்ளையை விடியக்காலை எழுப்பி, 2,000 மீற்றருக்கு மேலே, அந்தக் குளிரில் 9 கிலோமீற்றர் அளவுக்கு நடக்க வைக்கிறதே? பிந்திப் போனால், அங்க எல்லாரும் பார்க்கப் போற ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் பனிமூட்டம்தான் தெரியும். எங்கட சின்னவள் பாதிவழியில் குந்தினவள், பிறகு எழும்பவே இல்லை. மிச்சத் தூரம் முழுக்கத் தகப்பன்தான் தூக்கினவர். அதுக்குப் பதிலாக ஹக்கல தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. 1861இல் கொய்னா மரம் (மலேரியா மருந்து எடுக்கிற சிங்கோனா) வளர்க்கத் தொடங்கின இடம். பிள்ளைகள் ஓடித்திரிய நல்ல வசதி. கிட்டவே சீதா எலிய கோயில், ஓடைக்கரைப் பாறையில் அனுமாரின்ர பாதம் என்று காட்டுகிற குழிகளும் இருக்கு, எங்கட பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு அசையேல்லை. மேலே கருத்துப் போட்ட ஒருவர், கிளிநொச்சியில் இரணைமடுக் குளம் இருக்க வாவி பார்க்க அவ்வளவு தூரம் ஏன் என்று கேட்டிருக்கிறார். குளக்கட்டு எங்கட பிள்ளைகளுக்குப் பழகின இடம். குளிர்தான் புதுசு: வாயால் புகை வருகுதென்று காலமை முழுக்க ஊதி ஊதிப் பார்த்துச் சிரிச்சதுகள். அதுக்காகவே போகலாம். ஸ்வெட்டரும் காலுறையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கோ.