கோபப்பட்ட பிள்ளைகள் சரியாகத்தான் படித்திருந்தார்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ‘டைவர்ஜென்ட்’, ‘ஹங்கர் கேம்ஸ்’ என்ற இரண்டு ஆங்கில இளையோர் நாவல் வரிசைகளின் முடிவுகளையும் இந்தப் பதிவில் மறைக்காமல் எழுதப் போகிறேன். படிக்காதவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம்.

2013 அக்டோபரில் வெரோனிகா ராத்தின் ‘டைவர்ஜென்ட்’ வரிசையின் மூன்றாம் பாகம் ‘அலீஜியன்ட்’ வெளிவந்தது. சில நாட்களிலேயே அமேசானிலும் வாசகர்கள் நூல்களை மதிப்பிடும் கூட்ரீட்ஸ் தளத்திலும் ஒற்றை நட்சத்திரங்கள் குவியத் தொடங்கின. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பதின்பருவ வாசகர்கள். நாயகி ட்ரிஸ் இறந்துவிடுகிறாள் என்பதுதான் உடனடிக் காரணம். பெரியவர்கள் அன்றும் சிரித்தார்கள், இன்றும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ‘பிடித்த பாத்திரம் செத்தால் அழுவதெல்லாம் விமர்சனமா?’ என்பது அவர்கள் வாதம். அந்த மதிப்புரைகளைப் பொறுமையாகப் படித்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள் என்பது என் கட்சி. ஆசிரியரை வசைபாடியவர்களும் இருந்தார்கள், அவர்களுக்காக நான் வாதாடவில்லை. மற்றவர்கள் நாவலின் அஸ்திவாரத்திலேயே கைவைத்திருந்தார்கள்.

முதல் இரண்டு பாகங்களில் என்ன இருந்தது? சிதைந்த சிகாகோ நகரம். மக்கள் ஐந்து பிரிவுகள்: தன்னலமின்மை, வீரம், அறிவு, நேர்மை, அமைதி. பதினாறு வயதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், தேர்ந்தெடுத்தால் திரும்ப வழியில்லை. எந்தப் பிரிவிலும் முழுதாக அடங்காதவள் ட்ரிஸ், அதனாலேயே ஆபத்தானவள். பள்ளியில் எந்தக் குரூப், வீட்டில் எந்தப் படிப்பு என்று நாலாபுறமும் நெருக்கப்படும் பிள்ளைக்கு இது கட்டுக்கதை அல்ல. மனிதனை ஒரே குணத்தில் அடைக்க முடியாது என்பதை அவர்கள் தங்கள் சொந்த வாழ்க்கையின் நியாயமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் பாகத்தில் கதை நகருக்கு வெளியே ஓஹேர் விமான நிலையத்துக்குப் போகிறது. அங்கே ஒரு அரசு அமைப்பு இருக்கிறது. நகரம் முழுவதுமே ஒரு மரபணுச் சோதனை, ட்ரிஸ் போன்றவர்கள் மரபணு சீரானவர்கள், மற்றவர்கள் சேதமடைந்தவர்கள் என்கிறது அது. ராத் இதை அப்படியே ஏற்கச் சொல்லவில்லை. ட்ரிஸே இந்தப் பிரிவினையை மறுக்கிறாள். ஆனாலும் இரண்டு பாகங்களாக அவளுடைய மனத்திண்மை என்று நாம் நம்பிய ஒன்றுக்கு இப்போது ஆய்வகச் சான்றிதழ் வந்துவிட்டது. ‘அப்படியானால் அவள் தேர்ந்தெடுத்ததற்கு என்ன மதிப்பு?’ என்று கேட்டார்கள் பிள்ளைகள். எந்தத் தேர்ந்த விமர்சகரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

அடுத்தது இன்னும் கூர்மையானது. அந்த அமைப்பு ஒரு மருந்தால் நகர மக்களின் நினைவுகளை அழிக்கத் திட்டமிடுகிறது. அது கொடுமை என்று கொதிக்கிறார்கள் நம் நாயகர்கள். பிறகு அதே மருந்தை அமைப்பின் ஆட்கள்மேல் ஏவி அவர்கள் நினைவை அழிக்கிறார்கள்! எதிரி செய்தால் பாவம், நாம் செய்தால் மீட்பு. இந்த ஓட்டையைப் பல பெரியவர்கள் கவனிக்கவே இல்லை, பிள்ளைகள் கவனித்தார்கள்.

முந்தைய பாகங்களை ட்ரிஸ் மட்டுமே சொல்லி வந்தாள். இதில் அவள் காதலன் டோபயஸும் அத்தியாயம் மாற்றி அத்தியாயம் பேசுகிறான். யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அத்தியாயத் தலைப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது, இரண்டு குரலும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன என்றார்கள். இதுவும் உண்மை. அவள் இறந்த பிறகு கதையைச் சொல்ல ஒருவன் வேண்டும் என்பதற்காகவே அவனுக்குக் குரல் கொடுத்ததுபோல் இருந்தது.

மரணத்தைப் பொறுத்தவரை நான் ராத்தின் பக்கம். தன்னைக் காட்டிக்கொடுத்த அண்ணன் கேலப் போக வேண்டிய சாவுப் பயணத்தைத் தானே ஏற்கிறாள் ட்ரிஸ். முதல் பாகத்தில் பெற்றோர் இருவரும் அவளுக்காக உயிர்விட்டவர்கள், இரண்டாம் பாகத்தில் அவள் சாகத் துணிந்தது துக்கத்தால், இங்கே அன்பால். நூல் வெளியான சில நாட்களில் ராத் ஏறக்குறைய இந்தப் பொருளில் ஒரு விளக்கமும் எழுதினார். அப்போது அவருக்கு 25 வயதுதான். நம் ஊரில் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது வாசகர்கள் விடவில்லை, கல்கியும் முடிவுரையில் பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவரை நச்சரித்தவர்களை யாரும் பக்குவமில்லாதவர்கள் என்று சொன்னதாக நினைவில்லை.

‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையின் மூன்றாம் பாகமான ‘மாக்கிங்ஜே’ (2010) விஷயத்தில்தான் நான் பிள்ளைகளோடு முரண்படுகிறேன். நாயகி காட்னிஸ் பாதி நாவல் மருத்துவமனையிலும் மயக்கத்திலும் கிடக்கிறாள், அவளுடைய தோழன் ஃபின்னிக்கின் சாவு கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது, முதல் பாகத்தில் எந்தத் தங்கைக்காகச் சாவுப் போட்டிக்குத் தன்னைக் கொடுத்தாளோ அந்தப் பிரிம் கடைசியில் இறந்துபோகிறாள் என்று குறைப்பட்டார்கள். அத்தனையும் சரியான அவதானிப்பு. ஆனால் அதன் ஆசிரியர் சுசான் காலின்ஸ் போரைப் பற்றி எழுதினார். அவருடைய தந்தை வியட்நாம் போருக்குப் போய் வந்த விமானப்படைக்காரர். போரில் ஃபின்னிக் போன்றவர்கள் விடைபெறும் வசனம் பேசிவிட்டுச் சாவதில்லை. கொடுங்கோல் அதிபர் ஸ்னோவைக் குறிவைக்க வேண்டிய காட்னிஸின் அம்பு, புரட்சித் தலைவி காயின்மீது பாயும் இடத்துக்கு வர, அந்தச் சோர்வையும் வெறுமையையும் கடந்துதான் வரவேண்டும்.

காலின்ஸின் முடிவு அப்படியே திரைக்கு வந்தது. ராத்தின் முடிவுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. மூன்றாம் நாவலை இரண்டு படங்களாகப் பிரித்தார்கள், 2016இல் வந்த படம் எடுபடவில்லை, நான்காவது எடுக்கப்படவே இல்லை. திரையில் ட்ரிஸ் இன்றும் உயிரோடுதான் இருக்கிறாள்.

அந்த வயதில் ‘அலீஜியன்ட்’ படித்தவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள். உங்களுக்கு அதிகம் உறுத்தியது அவளுடைய சாவா, அந்த மரபணுக் கதையா?