மோசமான சீசன்கள் பட்டியலில் டெர்பி கிளப்பைச் சேர்க்கலாமா?

இங்கிலாந்து கால்பந்தில் இரண்டாம் டிவிஷனின் மோசமான சீசன்களை நீங்கள் வெறும் புள்ளிக் கணக்கில் வரிசைப்படுத்தியது சரியில்லை. 2016-17இல் ரோதரம் கிளப் வாங்கிய 23 புள்ளி களத்தில் வாங்கியது: 46 ஆட்டத்தில் 5 வெற்றி, 33 தோல்வி. பாதி சீசனுக்குள் ஸ்டப்ஸ், ஜாக்கெட் என்று இரண்டு மேனேஜர்கள் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்த பால் வார்னை, அணி மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கிய பிறகும் நிர்வாகம் கைவிடவில்லை. அடுத்த சீசனிலேயே வெம்ப்ளியில் நடந்த பிளே-ஆஃப் இறுதியாட்டத்தில் ஷ்ரூஸ்பரியை 2-1 என்று வென்று அணியை மேலே கொண்டுவந்தார். அந்தப் பொறுமை எத்தனை கிளப்புக்கு இருக்கிறது?

2021-22 டெர்பி கதையே வேறு. மேனேஜர் ரூனியின் பையன்கள் களத்தில் 55 புள்ளி எடுத்தார்கள், லீக் நிர்வாகம் 21ஐப் பிடுங்கிவிட்டதால் அணி இறங்கியது. களத்தில் 47 எடுத்து, 6ஐ இழந்து 41இல் முடித்த ரெடிங் தப்பியது! முதலாளிகள் செய்த கடனுக்கும் கணக்கு விதிமீறலுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் ரசிகர்களுக்கும் தண்டனையா? தயவுசெய்து இப்படிப் புள்ளி பறிக்கப்பட்ட சீசன்களின் பட்டியலைத் தனியாகப் போடுங்கள்.